நடுக்கடலில் மறிக்கப்பட்ட அடிமைக் கப்பல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆப்பிரிக்கக் கரையோரம் சுமார் அறுபது ஆண்டுகள் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் ரோந்து சுற்றின. அட்லாண்டிக் கடலைத் தாண்டி மனிதர்களை ஏற்றிச் செல்லும் கப்பல்களை மறித்துப் பிடிப்பதுதான் அவற்றின் வேலை. இந்த வரலாற்றைப் பேசினாலே ஒரு பக்கம் ‘பிரிட்டனின் பெருந்தன்மை’ என்பார்கள், மறுபக்கம் ‘எல்லாம் வேஷம்’ என்பார்கள். பிடிபட்ட கப்பலின் உள்ளே இருந்தவர்களுக்கு அப்புறம் என்ன ஆனது என்று கேட்பவர்கள் குறைவு. கீழே உள்ள பதில்களில் அந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டு போக முயன்றிருக்கிறேன்.

அடிமை வணிகத்தில் கொழித்த பிரிட்டனே அதைத் தடுக்கப் புறப்பட்டது எப்படி?

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். ஏறத்தாழ மூன்றரை நூற்றாண்டுகளில் ஆப்பிரிக்காவிலிருந்து சுமார் 1 கோடியே 25 லட்சம் பேர் கப்பலேற்றப்பட்டார்கள். உயிரோடு அக்கரை சேர்ந்தவர்கள் சுமார் 1 கோடியே 7 லட்சம். மிச்சப் பேர் கடலிலேயே போனார்கள். பிரிட்டிஷ் கப்பல்கள் மட்டும் ஏற்றியது 30 லட்சத்துக்கும் மேல். போர்ச்சுகல், பிரேசில் கணக்கு அதைவிடப் பெரிது.

மனமாற்றம் மேலிருந்து வரவில்லை. தாமஸ் கிளார்க்சன் துறைமுகம் துறைமுகமாகப் போய் மாலுமிகளிடம் சாட்சி திரட்டினார். அடிமையாக இருந்து விடுதலை பெற்ற ஒலாடா எக்வியானோ தன் வாழ்க்கையைத் தானே எழுதி ஊர் ஊராகப் படிக்க வைத்தார். 1791 வாக்கில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தேநீரில் மேற்கிந்தியச் சர்க்கரை போடுவதை நிறுத்தின. அதே ஆண்டு ஹைட்டியில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள், 1804-இல் தனி நாடே அமைத்தார்கள். நாடாளுமன்றத்தில் வில்பர்ஃபோர்ஸ் ஆண்டுக்கணக்கில் விடாமல் கொண்டுவந்த தீர்மானம் 1807 மார்ச் 25 அன்று சட்டமானது.

ஒன்றைக் கவனியுங்கள். 1807-இல் தடை செய்யப்பட்டது வணிகம்தான், அடிமை முறை அல்ல. பிரிட்டிஷ் தோட்டங்களில் அடிமைகள் 1834 வரை அடிமைகளாகவே இருந்தார்கள். அந்த விடுதலையின்போது 2 கோடி பவுண்டு இழப்பீடு தரப்பட்டது. வாங்கியவர்கள் அடிமைகளை வைத்திருந்த முதலாளிகள். உழைத்தவர்களுக்கு ஒரு காசும் இல்லை. அதற்காகப் பிரிட்டிஷ் அரசு வாங்கிய கடனின் கடைசி மிச்சம் 2015-இல்தான் அடைக்கப்பட்டது.

எத்தனை கப்பல்களோடு தொடங்கினார்கள்?

இரண்டு. 1808-இல் சோல்பே, டெர்வென்ட் என்ற இரண்டு கப்பல்கள். காவல் காக்க வேண்டிய கரையோ பல ஆயிரம் கிலோமீட்டர். அப்போது நெப்போலியனோடு போர் நடந்துகொண்டிருந்தது, நல்ல கப்பலை இந்த வேலைக்கு விட யாருக்கும் மனமில்லை. 1840-களில்தான் மேற்கு ஆப்பிரிக்கப் படைப்பிரிவு என்ற இந்த ரோந்துப் படையில் கப்பல் எண்ணிக்கை முப்பதைத் தொட்டுத் தாண்டியது.

அடிமைக் கப்பல் என்று தெரிந்தால் பிடித்துவிட வேண்டியதுதானே? சட்டம் ஏன் குறுக்கே வந்தது?

இந்த வரலாற்றின் முடிச்சே இங்கேதான் இருக்கிறது.

போர்க்காலத்தில் எதிரிக்குச் சரக்குப் போகிறதா என்று எந்தக் கப்பலையும் நிறுத்திச் சோதிக்கலாம். 1815-இல் போர் முடிந்ததும் அந்த உரிமை போய்விட்டது. லூயி என்ற பிரெஞ்சு அடிமைக் கப்பலைப் பிடித்த வழக்கில் 1817-இல் லண்டன் நீதிபதி சர் வில்லியம் ஸ்காட் தெளிவாகத் தீர்ப்புச் சொன்னார்: அமைதிக்காலத்தில் இன்னொரு நாட்டுக் கொடி பறக்கும் கப்பலை, அந்த நாட்டோடு ஒப்பந்தம் இல்லாமல் சோதிக்க யாருக்கும் உரிமை கிடையாது.

ஆகவே ஒவ்வொரு நாடாகப் போய் ஒப்பந்தம் போட வேண்டியதாயிற்று, பல இடங்களில் பணம் கொடுத்து. ஸ்பெயினுக்கு 4 லட்சம் பவுண்டு, போர்ச்சுகலுக்கு 3 லட்சம் பவுண்டு. அப்படியும் போர்ச்சுகல் ஒப்புக்கொண்டது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே மட்டும்தான். தெற்கே அங்கோலாவில் ஏற்றினால் அது சட்டப்படி நடக்கும் வணிகம்! கப்பல்தலைவன் வடக்கே ஏற்றிவிட்டு, தெற்கே ஏற்றியதாகப் பதிவேட்டில் எழுதிவிட்டால் நிரூபிக்கும் சுமை பிடித்தவன் தலையில்.

பிடித்த கப்பலை விசாரிக்க 1819 முதல் சியரா லியோனின் ஃப்ரீடவுன், கியூபாவின் ஹவானா, ரியோ டி ஜெனிரோ போன்ற இடங்களில் கலப்பு நீதிமன்றங்கள் அமைந்தன. பிரிட்டனிலிருந்தும் ஒப்பந்தம் போட்ட நாட்டிலிருந்தும் ஒவ்வொரு நீதிபதி. இருவரும் ஒத்துப்போகாவிட்டால், இரு தரப்பு நடுவர்களில் யார் முடிவு சொல்வது என்று சீட்டுப் போட்டு எடுப்பார்கள். நூற்றுக்கணக்கான மனிதர்களின் விடுதலை சில நேரம் அந்தச் சீட்டில் தொங்கியது.

காலிக் கப்பலை ஏன் விட்டுவிட்டார்கள்?

ஆரம்பகால ஒப்பந்தங்களின்படி பிடிக்கும் நேரத்தில் உள்ளே அடிமைகள் இருந்தால்தான் குற்றம். விலங்கும் சங்கிலியும் குவிந்து கிடந்தாலும், ஆள் இல்லை என்றால் கப்பலை விட்டுவிட வேண்டும். கரையில் அடைப்புக் கொட்டகைகளில் நூற்றுக்கணக்கானோர் காத்திருப்பார்கள், கப்பல் காலியாக நங்கூரமிட்டு நிற்கும். போர்க்கப்பல் கண்ணிலிருந்து மறைந்ததும் சில மணி நேரத்தில் ஏற்றிக்கொண்டு ஓடிவிடும்.

இந்த விதியால் நடந்த கொடுமையை எழுதவே கை தயங்குகிறது. துரத்தப்படும் கப்பல், உள்ளே ஆள் இருந்தால்தானே குற்றம் என்று, ஆட்களைக் கடலில் தள்ளிவிடும். 1831-இல் இன்றைய நைஜீரியாவின் பானி ஆற்றில் பிளாக் ஜோக், ஃபேர் ரோசமண்ட் என்ற இரு ரோந்துக் கப்பல்கள் ராப்பிடோ என்ற ஸ்பானிய அடிமைக் கப்பலை நெருங்கியபோது, கால்விலங்கால் இரண்டிரண்டு பேராகப் பிணைக்கப்பட்டவர்களை அப்படியே தண்ணீரில் வீசினார்கள். ரோந்துப் படகுகளால் தூக்க முடிந்தது ஒருவரோடொருவர் பிணைக்கப்பட்ட இரண்டே பேரை. அவர்களை வைத்துத்தான் அந்தக் கப்பலின் குற்றம் நிரூபணமானது.

1835-இல் ஸ்பெயினோடு போட்ட ஒப்பந்தம் இதை மாற்றியது. ஆள் இல்லாவிட்டாலும் கப்பலின் சாமான்களே சாட்சி என்றார்கள். என்னென்ன சாமான்கள் தெரியுமா? சாதாரணச் சரக்குக் கப்பலின் திறப்புகளுக்குப் பலகை மூடி இருக்கும். அடிமைக் கப்பலில் காற்றுப் போக இரும்பு அல்லது மரச் சட்டங்கள். உள்ளே இன்னொரு தளம் போட அறுத்து வைத்த பலகைகள். மாலுமிகளின் தேவைக்குப் பல மடங்கு அதிகமான தண்ணீர்ப் பீப்பாய்கள். ஊருக்கே சமைக்கும் அளவு பெரிய கொப்பரை. இவற்றில் ஒன்று இருந்தாலும் கப்பல்காரன்தான் காரணம் சொல்ல வேண்டும். பிடிபட்ட கப்பலை உடைத்துப்போடவும் விதி வந்தது. அதுவரை ஃப்ரீடவுனில் ஏலம் விட்ட கப்பலை அடிமை வணிகர்களே ஆள் வைத்து வாங்கி, மறுபடி அதே தொழிலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

சரி, வணிகர்கள் ஓய்ந்தார்களா? ஸ்பெயின் கொடியை இறக்கிப் போர்ச்சுகல் கொடியை ஏற்றினார்கள். 1839-இல் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் பாமர்ஸ்டன் போர்ச்சுகல் கப்பல்களையும் பிடிக்கலாம் என்று சட்டம் கொண்டுவந்தார். அப்புறம் அமெரிக்கக் கொடி அடைக்கலமானது.

பிளாக் ஜோக் என்ற கப்பலுக்கு ஏன் அவ்வளவு புகழ்?

அதுவே ஒரு அடிமைக் கப்பலாக இருந்ததுதான் காரணம். ஹென்ரிக்கெட்டா என்ற பெயரில் பிரேசிலுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தது. 1827-இல் சிபில் என்ற போர்க்கப்பல் அதைப் பிடித்தபோது உள்ளே ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். அமெரிக்காவின் பால்டிமோர் பக்கத்துக் கட்டுமானம், ஒல்லியான உடல், உயர்ந்த பாய்மரம். கடற்படையின் கனத்த கப்பல்களால் இப்படிப்பட்டவற்றைத் துரத்திப் பிடிக்க முடிந்ததில்லை. தளபதி கோலியர் அதை ஏலத்தில் வாங்கி, ரோந்துக்கு விட்டார்.

1829 பிப்ரவரியில் அது எல் அல்மிரான்டே என்ற ஸ்பானியக் கப்பலைத் துரத்தியது. அந்தப் பக்கம் பதினான்கு பீரங்கி, இந்தப் பக்கம் இரண்டு. காற்று விழுந்துபோனபோது மாலுமிகள் நீண்ட துடுப்புகளைப் போட்டு வலித்தே நெருங்கினார்கள். கடைசியில் எல் அல்மிரான்டேயிலிருந்து 466 பேர் மீட்கப்பட்டார்கள். மூன்று ஆண்டு கழித்து மரம் உளுத்துப்போனதால் பிளாக் ஜோக்கை எரித்துவிட்டார்கள்.

மாலுமிகள் பணத்துக்காகத்தானே போனார்கள்?

பணம் உண்டு. தொடக்கத்தில் மீட்ட ஒவ்வொரு ஆணுக்கும் 60 பவுண்டு, பெண்ணுக்கு 30, குழந்தைக்கு 10 என்று தலைக்கு இவ்வளவு பரிசு இருந்தது. பிறகு படிப்படியாக 5 பவுண்டு வரை குறைத்தார்கள். அதிலும் பெரும்பங்கு அதிகாரிகளுக்கு. இந்தப் பணத்தை வைத்து அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1830-க்கும் 1865-க்கும் இடையில் மட்டும் இந்தப் படைப்பிரிவில் ஏறத்தாழ 1,600 பேர் செத்தார்கள். பெரும்பாலோரைக் கொன்றது சண்டையல்ல, மலேரியாவும் மஞ்சள் காய்ச்சலும். கொசு பரப்புகிறது என்று அன்று யாருக்கும் தெரியாது. சதுப்பு நிலத்தின் கெட்ட காற்று என்று நினைத்தார்கள். மலேரியாவுக்கான கொய்னா மருந்தை ஒழுங்காகக் கொடுக்கத் தொடங்கிய பிறகே சாவு குறைந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் கப்பல்களில் வெள்ளையர்கள் மட்டும் இல்லை. இன்றைய லைபீரியா, சியரா லியோன் கரையைச் சேர்ந்த க்ரூ மக்கள் பல கப்பல்களில் வேலை செய்தார்கள். அலை மோதும் கரையில் படகு செலுத்துவதில் அவர்களுக்கு நிகர் யாருமில்லை. கப்பலில் அவர்களுக்கு வைத்த பெயர்களில் ஒன்று ‘பீர் பாட்டில்’. உயிரைப் பணயம் வைத்து ஆற்று முகத்துவாரத்தில் படகு வலித்தவனின் சொந்தப் பெயரைக்கூட எழுதி வைக்கவில்லை.

கப்பல் பிடிபட்டதும் உள்ளே இருந்தவர்கள் விடுதலையாகிவிட்டார்களா?

இல்லை. நீதிமன்றம் ஃப்ரீடவுனில் இருந்தது. பிடித்த இடத்திலிருந்து அங்கே போகக் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் எதிராக வாரக்கணக்கில் ஆகும். அதே கப்பல், அதே இருட்டறை, அதே வயிற்றுப்போக்கு, அம்மை. மீட்கப்பட்ட பிறகும் வழியிலேயே பலர் இறந்தார்கள்.

அஜாயி என்ற சிறுவனின் கதை இதைச் சொல்லும். இன்றைய நைஜீரியாவில் ஓசோகுன் என்ற யோருபா ஊர். 1821-இல் அவனுக்குச் சுமார் 12 வயது இருக்கும்போது ஊர் தாக்கப்பட்டது. கைமாறிக் கைமாறி விற்கப்பட்டு லாகோஸ் வந்து, எஸ்பெரான்சா ஃபெலிக்ஸ் என்ற போர்ச்சுகீசியக் கப்பலில் ஏற்றப்பட்டான். 1822 ஏப்ரல் 7 அன்று மிர்மிடான் என்ற போர்க்கப்பல் அதைப் பிடித்தது. பின்னாளில் அவர் எழுதியது: போர்க்கப்பலில் தொங்கிய பன்றி இறைச்சியைப் பார்த்து, அது தங்களில் ஒருவரின் உடல் என்று சிறுவர்கள் நடுங்கினார்கள். தளத்தில் வரிசையாகக் கிடந்த பீரங்கிக் குண்டுகள் வெட்டிய தலைகளாகத் தெரிந்தன. மீட்க வந்தவர்களுக்கும் பிடித்தவர்களுக்கும் என்ன வித்தியாசம் என்று அந்தக் குழந்தைகளுக்கு எப்படித் தெரியும்? ஃப்ரீடவுனில் கரை இறங்க இரண்டு மாதத்துக்கும் மேல் ஆனது.

அந்தச் சிறுவன்தான் சாமுவேல் அஜாயி க்ரௌதர். யோருபா மொழிக்கு இலக்கணம் எழுதினார், பைபிளை மொழிபெயர்த்தார், 1864-இல் ஆங்கிலிகன் சபையின் முதல் ஆப்பிரிக்கப் பேராயர் ஆனார். எல்லாவற்றையும்விட என்னை உலுக்குவது 1846: இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து அபேயோகுட்டாவில் தன் தாயைக் கண்டார்.

எல்லோருக்கும் அப்படி நல்லது நடந்ததா?

நடக்கவில்லை. சட்டத்தில் ‘விடுவிக்கப்பட்ட ஆப்பிரிக்கர்’ என்று பெயர். நடைமுறையில், ஊருக்குத் திருப்பி அனுப்பவில்லை. அனுப்பினால் மறுபடி பிடிபடுவார்கள் என்பது ஓரளவு உண்மையும்கூட. 1807 சட்டமே அவர்களைப் பதினான்கு ஆண்டு வரை ‘பயிற்சி வேலை’ என்ற பெயரில் பிறரிடம் ஒப்படைக்க இடம் கொடுத்தது. இளைஞர்களைப் படையில் சேர்த்தார்கள். 1840-களிலிருந்து பலரை மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக அனுப்பினார்கள். எந்தத் தோட்டத்துக்குப் போகாமல் மீட்டார்களோ, அதே தோட்டம்!

ஃப்ரீடவுனைச் சுற்றி ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் குடியேறினார்கள். நூறு மொழி பேசியவர்கள் சேர்ந்து ஊர் அமைத்து, பள்ளி கட்டி, க்ரியோ என்ற மொழியோடு ஒரு சமூகத்தையே உருவாக்கினார்கள்.

செயின்ட் ஹெலினாவில் அப்படி முடியவில்லை. நெப்போலியன் சிறையிருந்த அந்தத் தீவில் 1840 முதல் சுமார் 25,000 பேரைக் கடற்படை இறக்கியது. ரூபர்ட் பள்ளத்தாக்கில் கூடாரம், போதிய மருந்தில்லை, போதிய தண்ணீர் இல்லை. சுமார் 8,000 பேர் அங்கேயே இறந்தார்கள். 2007-08-இல் விமான நிலையச் சாலைக்காகத் தோண்டியபோது 325 பேரின் எலும்புகள் கிடைத்தன. பலர் குழந்தைகள், பதின்பருவத்தினர். சிலரோடு ஊரிலிருந்து கொண்டுவந்த மணிகளும் இருந்தன. அவர்களை மறுபடி அடக்கம் செய்ய 2022 ஆகிவிட்டது.

அமெரிக்கா என்ன செய்தது?

1808-இல் இறக்குமதிக்குத் தடை, 1820-இல் அடிமை வணிகம் கடற்கொள்ளைக்குச் சமம், மரண தண்டனை என்று சட்டம். காகிதத்தில் இதைவிடக் கடுமை கிடையாது. ஆனால் தன் கப்பலைப் பிரிட்டன் சோதிப்பதை அது ஏற்கவில்லை. 1843-இல் அனுப்பிய சிறு படைப்பிரிவின் தளம் ஆப்பிரிக்கக் கரையை விட்டு வெகுதூரத்தில், கேப் வெர்டி தீவுகளில்.

1860-இல் காங்கோ முகத்துவாரத்தருகே ஈரி என்ற அமெரிக்கக் கப்பல் 897 பேரோடு பிடிபட்டது. பாதிப் பேர் குழந்தைகள். அதன் தலைவன் நத்தானியேல் கார்டன் 1862 பிப்ரவரியில் நியூயார்க்கில் தூக்கிலிடப்பட்டான். அந்தச் சட்டத்தின் கீழ் தூக்கிலேறிய ஒரே ஆள் அவன்தான். அதே 1862-இல் லிங்கன் அரசு பரஸ்பரச் சோதனைக்கு ஒப்புக்கொண்டது, அமெரிக்கக் கொடியின் மறைவும் போயிற்று.

கடலில் துரத்துவதைவிடக் கரையில் இருந்த கொட்டகைகளை அழித்திருக்கலாமே?

ஜோசப் டென்மன் என்ற தளபதி அதைத்தான் செய்தார். காலினாஸ் ஆற்று முகத்துவாரத்தை மாதக்கணக்கில் முற்றுகையிட்டார். சியரா லியோனைச் சேர்ந்த ஒரு பெண்ணும் குழந்தையும் அங்கே பிடித்து வைக்கப்பட்டிருந்ததைக் காரணமாக வைத்து, 1840-இல் படகுகளோடு உள்ளே போய், உள்ளூர் அரசரோடு ஒப்பந்தம் செய்து, கொட்டகைகளை எரித்தார். 841 பேர் மீட்கப்பட்டார்கள். ஒரு ஸ்பானிய வணிகன் தன் சொத்து நஷ்டத்துக்காக அவர்மேல் லண்டனில் வழக்குப் போட்டான். வழக்கு 1848-இல்தான் டென்மன் பக்கம் முடிந்தது. ஆனால் நடுவில், 1842-இல், இத்தகைய அழிப்புக்குச் சட்ட ஆதரவு இல்லை என்று வெளியுறவு அமைச்சர் அபர்டீன் எழுதிவிட்டார். அடுத்த தளபதிகளின் கை கட்டப்பட்டது.

பிரேசில் வணிகம் கடைசியில் எப்படி நின்றது?

1831-இல் பிரேசில் ஒரு தடைச் சட்டம் போட்டது. ‘ஆங்கிலேயன் பார்ப்பதற்காக’ என்று போர்ச்சுகீசிய மொழியில் ஒரு சொலவடை உண்டு, ஒப்புக்குச் செய்வதைக் குறிக்க. அது இந்தச் சட்டத்தோடு சேர்த்தே சொல்லப்படுகிறது. சட்டத்துக்குப் பிறகும் 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கே இறக்கப்பட்டார்கள். காப்பித் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது.

1845-இல் பிரேசில் கப்பல்களைத் தானே விசாரிக்கப் பிரிட்டன் சட்டம் செய்தது. 1850-இல் போர்க்கப்பல்கள் பிரேசில் துறைமுகங்களுக்குள்ளேயே நுழைந்தன. பரனகுவாவில் கார்மரன்ட் என்ற கப்பலுக்கும் கோட்டைக்கும் பீரங்கிச் சண்டையே நடந்தது. அந்த செப்டம்பரில் பிரேசில் புதுச் சட்டம் போட்டு, இந்த முறை தானே அமல்படுத்தியது. 1849-இல் ஐம்பதாயிரத்துக்கு மேல் இருந்த இறக்குமதி 1852-இல் ஆயிரத்துக்கும் கீழே வந்தது. எனக்கு இதுதான் முக்கியம்: ஆப்பிரிக்கக் கரையில் நாற்பது ஆண்டு துரத்தியும் நிற்காதது, வாங்கும் கரையில் கதவு அடைபட்டதும் இரண்டே ஆண்டில் நின்றது. கியூபாவின் கதவு அடைய 1867 ஆயிற்று.

அப்படியானால் கடற்படையின் முயற்சி வீணா?

1808-க்கும் 1860-க்கும் இடையே சுமார் 1,600 கப்பல்கள் பிடிபட்டன, ஏறத்தாழ 1,50,000 பேர் மீட்கப்பட்டார்கள். அதே காலத்தில் அட்லாண்டிக்கைத் தாண்டியவர்கள் 25 லட்சத்துக்கும் மேல். விகிதம் பார்த்தால் மிகச் சிறிது. 1850-இல் வில்லியம் ஹட் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் படைப்பிரிவைத் திரும்ப அழைக்கச் சொல்லித் தீர்மானம் கொண்டுவந்தபோது இந்த வாதத்தைத்தான் வைத்தார், தோற்றார். நான் அதை வீண் என்று சொல்ல மாட்டேன். மீட்கப்பட்ட ஒவ்வொருவரும் ஒரு அஜாயி. வணிகத்தின் செலவையும் ஆபத்தையும் ஏற்றி வைத்ததும் ரோந்துதான். ஆனால் பிரிட்டன் தனியாக நின்று ஒழித்தது என்ற பேச்சை ஒப்ப முடியாது. அடிமைகள் விளைவித்த பருத்தியும் சர்க்கரையும் அதே ஆண்டுகளில் அதே பிரிட்டனின் துறைமுகங்களில்தான் இறங்கின.

இது ஆப்பிரிக்காவைப் பிடிக்கச் சாக்காக ஆனதா?

லாகோஸில் ஆனது. 1851-இல் கோசோகோ என்ற அரசரை அடிமை வணிகத்தின் பெயரால் பீரங்கியால் தாக்கி விரட்டி, அவருடைய போட்டியாளர் அகிடோயேயை அமர்த்தினார்கள். பத்தே ஆண்டில், 1861-இல், லாகோஸ் பிரிட்டிஷ் குடியேற்றமாகிவிட்டது.

நம் தமிழருக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நேரடியாக இல்லை. ஆனால் அடிமைகள் இல்லாமல்போன தோட்டங்களுக்கு ஆள் தேடியபோது சென்னையிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகள் கப்பலேறினார்கள். மொரிஷியஸ், கயானா, மார்டினிக், குவாடலூப், நேட்டால். மீட்கப்பட்ட ஆப்பிரிக்கரும் நம் ஆட்களும் ஒரே கரும்பு வயலில் வேலை பார்த்த இடங்கள் உண்டு.

மீட்கப்பட்டவர்களின் பெயர்கள் எங்காவது இருக்கின்றனவா?

இருக்கின்றன. ஃப்ரீடவுனிலும் ஹவானாவிலும் கரை இறங்கியவர்களை எழுத்தர் ஒருவர் வரிசையாக நிறுத்திப் பதிவு செய்தார். எண், பெயர், ஆணா பெண்ணா, வயது, உயரம், உடலில் உள்ள தழும்பு. அடிமைக் கப்பலின் கணக்கில் வெறும் எண்ணிக்கையாக இருந்தவர்கள் இந்தப் பதிவேட்டில்தான் முதல் முறையாகப் பெயரோடு வருகிறார்கள். கப்பலிலிருந்து இறங்கியவர் வாயால் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் வாங்கிச் சொல்ல, எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதினார். ஒரே பெயர் பத்து விதமாக இருக்கும்.

அந்தப் பதிவேடுகளிலிருந்து 90,000-க்கும் மேற்பட்ட பெயர்களை ஆய்வாளர்கள் திரட்டி, ஒலியோடு பொதுமக்கள் கேட்கும்படி வைத்திருக்கிறார்கள். இன்று யோருபாவோ இக்போவோ மெண்டேவோ பேசும் ஒருவர் அதைக் கேட்டு, ‘இது எங்கள் பக்கத்துப் பெயர்’ என்று சொல்லலாம். கடத்தப்பட்டவர் எந்த ஊர்க்காரர் என்பது இப்படி ஒவ்வொரு பெயராகத் தெரிந்துவருகிறது.